நேதாஜியின் மறைவும் மக்கள் மனமும்

வரலாற்றில் பெயர் பொறித்த பெருமக்களின் வாழ்வை எழுதப் புகுவோர், பிறந்த நாளில் தொடங்கி மறைந்த நாளில் முடிப்பது மரபு. பிறந்த ஊரும் அடங்கிய இடமும் அறியப்பட்டிருந்தால், இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வாழ்வை நிரல்படச் சொல்லிவிடலாம். ஆனால் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அவர்களின் வாழ்வுக்கு இந்த மரபு எளிதில் இணங்கி வரவில்லை. அவர் பிறந்த நாளை நாடு முழுவதும் அறியும். மறைந்த நாளைப் பற்றியோ, மூன்று விசாரணைகள் நடந்த பின்னரும் மக்கள் மனம் ஒருமைப்படவில்லை. இறந்தார் என்றனர் சிலர். துறவியானார் என்றனர் சிலர். சோவியத் நாட்டில் சிறைப்பட்டார் என்றனர் வேறு சிலர். ஒரு மனிதரின் மறைவைச் சுற்றி இத்தனை கதைகள் ஏன் எழுந்தன, அக்கதைகளால் எவரெவர் துன்புற்றனர் என்பதை அவர்தம் வாழ்க்கை வழியே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் கல்வியும்

ஒரிசாவிலுள்ள கட்டாக் நகரில், 1897ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 23ஆம் நாள், வழக்குரைஞர் ஜானகிநாத் போஸுக்கும் பிரபாவதி அம்மையாருக்கும் ஒன்பதாவது மகவாகச் சுபாஷ் பிறந்தார். செல்வமும் செல்வாக்கும் மிக்க குடும்பம். எனினும் இளமையிலேயே அவர் உள்ளம் ஆன்மிகத் தேட்டத்தில் ஈடுபட்டிருந்தது. 1914ஆம் ஆண்டுக் கோடையில், பதினேழு வயது மாணவராக இருந்தபோது, பெற்றோருக்குச் சொல்லாமல் வீட்டைவிட்டு வெளியேறினார். ஞானாசிரியர் ஒருவரைத் தேடி வடநாட்டுத் திருத்தலங்களில் அலைந்தார். மனநிறைவு பெறாமல் வீடு திரும்பி, நச்சுக் காய்ச்சலில் படுத்தார். இளமைக்கால நிகழ்ச்சி என்று இதனை எளிதாக ஒதுக்கிவிடலாகாது. காணாமற்போன சுபாஷ் காவியுடையில் எங்கோ இருக்கிறார் என்னும் எண்ணம் பிற்காலத்தில் மக்கள் மனத்தில் வேரூன்றியதற்கு, இந்த முதற்பயணமும் ஒரு காரணமாயிற்று.

கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பயின்றபோது, ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர் தாக்கப்பட்ட நிகழ்ச்சியின் காரணமாக 1916இல் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் மெய்யியல் பயின்று 1919இல் பட்டம் பெற்றார். இங்கிலாந்து சென்று 1920இல் ஐ.சி.எஸ். தேர்வெழுதி நான்காம் இடத்தில் தேறினார். எவரும் விரும்பும் அப்பதவியை 1921இல் துறந்து தாயகம் திரும்பினார்.

தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அவர்களைத் தம் அரசியல் ஆசானாகக் கொண்டார். 1924இல் தாஸ் கல்கத்தா மாநகரத் தந்தையானபோது, சுபாஷ் மாநகராட்சியின் தலைமை நிருவாக அதிகாரியானார். மாநகராட்சிப் பணிகளில் முஸ்லிம் இளைஞர்களுக்கு உரிய பங்கு கிடைக்கவேண்டும் என்னும் தாஸின் கொள்கையைச் செயற்படுத்தியவர் அவரே. அவ்வாண்டின் இறுதிக்குள் கைது செய்யப்பட்டு, பர்மாவின் மாந்தலே சிறைக்கு அனுப்பப்பட்டார். 1927இல் உடல் நலிந்த நிலையில் விடுதலை பெற்றார். 1938இல் ஹரிபுராவிலும் 1939இல் திரிபுரியிலும் காங்கிரசுப் பேரவையின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கருத்து வேற்றுமை முற்றவே பதவி விலகி, ஃபார்வர்டு பிளாக் அமைப்பைத் தோற்றுவித்தார்.

முதல் மறைவு

சிராஜுத் தௌலாவின் பெயருக்கு இழுக்குத் தேடும் வகையில் கல்கத்தாவில் நின்றிருந்த ஹால்வெல் நினைவுச் சின்னத்தை அகற்றவேண்டும் என்று, இந்து, முஸ்லிம் இளைஞர்களை ஒன்றுதிரட்டிச் சுபாஷ் போராட்டம் தொடங்கினார். அதன் தொடர்பில் 1940 ஜூலையில் கைதானார். சிறையில் உண்ணா நோன்பு மேற்கொண்டதால் டிசம்பரில் எல்கின் சாலையிலிருந்த இல்லத்திற்கு அனுப்பப்பட்டார். வீட்டைச் சுற்றிலும் காவலர்; உள்ளே நோயுற்ற தலைவர். சில நாட்களில் அவர் தனிமையை நாடுவதாகவும், எவரையும் காண விரும்பவில்லை என்றும் வீட்டில் அறிவிக்கப்பட்டது. திரைக்குப் பின்னிருந்த அறைக்கு உணவு மட்டும் சென்றது.

1941 ஜனவரி 16ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், நீண்ட மேலங்கியும் தொப்பியும் தாடியுமாக, முஹம்மது ஜியாவுத்தீன் என்னும் ஆயுள் காப்பீட்டு நிறுவன ஊழியர் ஒருவர் அவ்வீட்டிலிருந்து காரில் புறப்பட்டார். காரை ஓட்டியவர் அண்ணன் மகன் சிசிர் குமார் போஸ். கோமோ நிலையத்தில் இரயில் ஏறி, டெல்லி வழியாகப் பெஷாவரை அடைந்தார். அங்கே மியான் அக்பர் ஷா முதலிய தோழர்கள் அவரைப் பாதுகாத்தனர். பின்னர் ரஹ்மத் கான் என்னும் பெயர்பூண்ட பகத்ராம் தல்வாருடன், காது கேளாத, வாய்பேச இயலாத ஒருவராக நடித்து மலைவழியே காபூல் சென்றார். அங்கிருந்து ஒர்லாண்டோ மாஸ்ஸோட்டா என்னும் இத்தாலியப் பெயரில், மாஸ்கோ வழியாக, 1941 ஏப்ரலில் பெர்லின் நகரை அடைந்தார்.

கல்கத்தா இல்லத்திலோ அவர் இருப்பதாகவே நடிப்பு தொடர்ந்தது. அறைக்குச் சென்ற உணவைக் குடும்பத்து இளையோரே உண்டனர். நீதிமன்றத்தில் தோன்ற வேண்டிய நாளுக்கு முந்திய நாளாகிய ஜனவரி 26இல்தான், சுபாஷைக் காணவில்லை என்னும் செய்தி வெளியாயிற்று. நாடு திகைத்தது. காந்தியடிகள் கவலையுடன் தந்தி அனுப்பிக் கேட்டபோது, தமையனார் சரத் சந்திர போஸ், தம்பி துறவு பூண்டிருக்கலாம் என்னும் பொருள்பட மறுமொழி அனுப்பினார். காவல் துறையைத் திசைதிருப்பவும், தப்பிச் செல்பவருக்குக் கால இடைவெளி கிடைக்கவும் கூறப்பட்ட மறுமொழி அது. மக்கள் அதனை உண்மையென்றே நம்பினர். இதை நாம் நன்கு நினைவிற் கொள்ளவேண்டும். சுபாஷ் துறவியாகிவிட்டார் என்னும் கதையை முதன்முதலிற் பரப்பியது அவர்தம் குடும்பமே. அது நாட்டின் நன்மை கருதிச் செய்யப்பட்ட ஒரு சூழ்ச்சி. நான்காண்டுகளுக்குப் பின் அக்கதை மீண்டும் உயிர்பெற்று எழுந்தபோது, அதைத் தடுக்கும் ஆற்றல் எவருக்கும் இல்லாமற் போயிற்று.

பொய்த்துப் போன மரணச் செய்தி

முதல் மறைவுக்கு ஓராண்டு கடந்து, 1942 மார்ச்சுத் திங்களில், சுபாஷ் சந்திர போஸ் வானூர்தி விபத்தில் இறந்துவிட்டார் என்று செய்தி நிறுவனங்கள் உலகெங்கும் அறிவித்தன. காந்தியடிகள் உள்ளிட்ட தலைவர்கள் பிரபாவதி அம்மையாருக்கு இரங்கற் செய்தி அனுப்பினர். முதுமையில் இருந்த அத்தாய் மகனை இழந்ததாக எண்ணி அழுதார். சில நாட்களிலேயே, இறந்ததாகச் சொல்லப்பட்டவரின் குரல் ஜெர்மன் வானொலியில் ஒலித்தது. தாம் உயிருடன் இருப்பதை அவரே நாட்டுக்கு அறிவித்தார். செய்தி தவறு என அறிந்து இரங்கல் தெரிவித்தவர்கள் மகிழ்ந்தனர்.

வானூர்தி விபத்து, மரணச் செய்தி, இரங்கல், பின்னர் உயிருடன் இருக்கிறார் என்னும் மகிழ்ச்சி: இவ்வனைத்தும் 1945க்கு முன்பே ஒருமுறை நடந்து முடிந்தவை. ஆதலின் இரண்டாம் முறை அதே வகைச் செய்தி வந்தபோது மக்கள் அதனை ஐயுற்றது பேதைமையால் அன்று. பட்டறிந்த பாடத்தால் என்றே கொள்ளவேண்டும்.

கிழக்காசியாவில் நேதாஜி

1943 பிப்ரவரியில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து நீர்மூழ்கிக் கப்பலொன்றில் புறப்பட்டார். உடன் சென்ற ஒரே இந்தியர், ஐதராபாத்தைச் சேர்ந்த ஆபித் ஹசன். மடகாஸ்கர் தீவுக்கு அருகே நடுக்கடலில், இருவரும் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலுக்கு மாறினர். ஏறத்தாழ மூன்று திங்கள் நீண்ட அக்கடற்பயணத்தின் முடிவில் சுமத்திராவை அண்டிய சபாங் தீவில் கரையேறினர். ஜூலைத் தொடக்கத்தில் சிங்கப்பூர் வந்து, முதுபெரும் புரட்சியாளர் ராஷ் பிகாரி போஸிடமிருந்து விடுதலை இயக்கத்தின் தலைமையை ஏற்றார். அக்டோபர் 21ஆம் நாள் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார்.

இந்திய தேசிய இராணுவத்தில் சமய வேற்றுமைக்கு இடமில்லை. பல்வேறு சமயத்தாரும் ஒரே பந்தியில் உண்டனர். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் பொருள்தரும் இத்திஃபாக், இத்திமாத், குர்பானி என்னும் உருதுச் சொற்களே அப்படையின் முழக்கம். பாயும் புலி அதன் சின்னம். ஜெய்ஹிந்த் என்னும் வாழ்த்துச் சொல்லை உருவாக்கிய பெருமை ஆபித் ஹசனுக்கு உரியதாகக் கூறப்படுகிறது. மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாகப் படையில் சேர்ந்தனர். சென்னையில் மருத்துவம் பயின்ற டாக்டர் லட்சுமி மகளிர் படைக்குத் தலைமை தாங்கினார். பத்திரிகையாளர் எஸ்.ஏ. ஐயர் தற்காலிக அரசின் விளம்பரத்துறை அமைச்சரானார். பர்மாத் தமிழரிடையே புகழ்பெற்ற கரீம் கனி அவ்வரசின் ஆலோசகர்களுள் ஒருவராக விளங்கினார். 1943 செப்டம்பரில் இரங்கூனிலுள்ள கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷாவின் அடக்கத்தலத்தில் நேதாஜி மரியாதை செலுத்தினார்.

அவ்வாண்டின் இறுதியில் அன்னை பிரபாவதி கல்கத்தாவில் காலமானார். மகன் இறந்தான் என்று ஒருமுறை அழுத தாயின் இறுதிச் சடங்கிற்கு வர, உயிருடனிருந்த மகனால் இயலவில்லை.

1944இல் இம்பால் படையெடுப்பு தோல்வியுற்றது. 1945 ஏப்ரல் 24ஆம் நாள் இரங்கூனைக் கைவிட்டுப் புறப்பட்டபோது, மகளிர் படையினரைப் பாதுகாப்பாக அழைத்துச் செல்வதற்காக, அவரும் அவர்களோடு நெடுந்தொலைவு நடந்தார்.

இறுதிப் பயணம்

ஜப்பான் சரணடையும் செய்தி நேதாஜியை எட்டியபோது அவர் மலேயாவில் சிரம்பானில் இருந்தார். சிங்கப்பூருக்கு விரைந்தார், அமைச்சரவையைக் கூட்டி ஆய்ந்தார். ஆகஸ்டு 16ஆம் நாள் பாங்காக் சென்று, மறுநாள் சைகோனை அடைந்தார். மஞ்சூரியா வழியாகச் சோவியத் நாட்டின் தொடர்பைப் பெறுவதே அவரது எண்ணம். ஆனால் சைகோனில் கிடைத்தது, ஜப்பானியப் படைத்தலைவர் ஷிடெய் செல்லவிருந்த குண்டுவீச்சு வானூர்தி ஒன்றுதான். உடன் வந்த ஐயர், ஆபித் ஹசன், தேவநாத் தாஸ், பிரீதம் சிங், குல்சாரா சிங் ஆகியோருக்கு அதில் இடமில்லை. ஒருவரை மட்டுமே அழைத்துச் செல்ல முடிந்தது. அவ்வொருவர் கர்னல் ஹபீபுர் ரஹ்மான்.

வானூர்தி அன்றிரவு வியட்நாமின் தூரானில் தங்கி, ஆகஸ்டு 18ஆம் நாள் நண்பகலளவில் தைவானின் தைபே நகரில் இறங்கியது. எரிபொருள் நிரப்பிப் பிற்பகல் மீண்டும் எழுந்தபோது, சுழலி கழன்று விழ, நிலைகுலைந்து ஓடுதளத்தின் அருகிலேயே வீழ்ந்து எரிந்தது. ஷிடெய் அங்கேயே உயிரிழந்தார். உயிர்பிழைத்தோர் பின்னர்க் கூறியவற்றின்படி, பெட்ரோல் தெறித்து நனைந்த உடையுடன் நெருப்பைக் கடந்து வெளிவந்த நேதாஜியின் உடல் தீப்பற்றி எரிந்தது. ஹபீபுர் ரஹ்மான் தம் கைகளாலேயே அத்தீயை அணைக்க முயன்றார், அவரும் தீப்புண்பட்டார். இராணுவ மருத்துவமனையில் மருத்துவர் யோஷிமி சிகிச்சை அளித்தும் பயனின்றி, அன்றிரவு நேதாஜியின் உயிர் பிரிந்தது. சில நாட்களில் அங்கேயே தகனம் நடைபெற்றது. அஸ்தி டோக்கியோவிற்குக் கொண்டுசெல்லப்பட்டு, செப்டம்பரில் ரெங்கோஜி என்னும் பௌத்த ஆலயத்தில் வைக்கப்பட்டது.

இவ்வாறு சாட்சிகள் கூறினர். நாடு முழுவதும் இதனை ஏற்றதா என்பதே அடுத்து எழும் வினா.

ஐயங்கள் பிறந்த வகை

ஐயங்களுக்குக் காரணங்கள் இல்லாமலில்லை. விபத்து நடந்து ஐந்து நாட்கள் கழித்து, ஆகஸ்டு 23ஆம் நாள்தான், தோல்வியுற்ற ஜப்பானின் செய்தி நிறுவனம் அதனை வெளியிட்டது. உடலைச் சிங்கப்பூருக்கோ டோக்கியோவிற்கோ கொண்டுவர வேண்டும் என்று ஐயர் வற்புறுத்தியும் அது நடைபெறவில்லை. முகம் தெளிவாகத் தெரியும் ஒளிப்படம் எடுக்கப்படவில்லை. தைபேயின் பதிவேடுகளில் நேதாஜியின் பெயர் காணப்படவில்லை. ஜப்பானிய வீரர் ஒருவரின் பெயரே இருந்தது. அவர் போக நினைத்த திசையும் அனைவர்க்கும் தெரிந்திருந்தது. ஆதலால், விபத்து என்பது ஆங்கிலேயரை ஏமாற்ற எழுப்பப்பட்ட திரை என்றும், திரைக்குப் பின்னே தலைவர் எல்லை கடந்துவிட்டார் என்றும் கருத இடமிருந்தது. ஆங்கில அரசே தொடக்கத்தில் இச்செய்தியை நம்பவில்லை. உளவு அதிகாரிகளை அனுப்பி விசாரித்து, 1946இல்தான் அவர் இறந்தார் என்னும் முடிவுக்கு வந்தது.

காந்தியடிகளும் முதலில் நம்பவில்லை. சுபாஷ் உயிருடன் இருப்பதாகத் தம் உள்ளுணர்வு சொல்வதாக வெளிப்படையாகவே பேசினார். அவருடைய சொல் நாடெங்கும் பரவியது. பின்னர் ஹபீபுர் ரஹ்மானை நேரிற் கண்டு கேட்டறிந்தபின், தம் முந்தைய கருத்தைக் கைவிட்டு, 1946 மார்ச்சில் அதனை எழுத்து மூலமாகவும் தெரிவித்தார். முதற்சொல் பரவிய வேகத்தில் இரண்டாம் சொல் பரவவில்லை. ஆறுதல் தரும் செய்திக்குக் கால்கள் மிகுதி. அதனை மறுக்கும் செய்தியோ தவழ்ந்தே செல்கிறது.

சாட்சியின் துன்பம்

இவ்விடத்து நம் சிந்தனைக்கு உரியவர் கர்னல் ஹபீபுர் ரஹ்மான். இறுதிப் பயணத்தில் உடனிருந்த ஒரே இந்தியர் அவர்தாம். அவர் கூறியது உண்மையாயின், தம் தலைவரின் உடலில் பற்றிய தீயை வெறுங்கையால் அணைக்க முயன்றவரும், இறுதி மூச்சு வரை அருகில் இருந்தவரும், அஸ்தியைச் சுமந்து சென்றவரும் அவரே. அவர் நாடு திரும்பியது கைதியாக. ஆங்கில அதிகாரிகள் துருவித் துருவி விசாரித்தனர். அவர்களிடமும், காந்தியடிகளிடமும், போஸ் குடும்பத்தாரிடமும் அவர் ஒரே செய்தியையே சொன்னார். பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானில் வாழ்ந்த அவர், 1956இல் விசாரணைக் குழுவின்முன் சாட்சியளிப்பதற்காக எல்லை கடந்து டெல்லிக்கு வந்தார். அதே செய்தியை மீண்டும் சொன்னார்.

ஆனால் நம்ப விரும்பாத மனத்திற்கு அவருடைய உறுதியே ஐயத்திற்குக் காரணமாயிற்று. தலைவரின் ஆணைக்குக் கட்டுப்பட்டு அவர் இரகசியம் காக்கிறார் என்றனர். உண்மையான வீரர் அப்படித்தான் பொய் சொல்வார் என்று அவரைப் புகழ்வதுபோலவே பழித்தனர். அவர் கைகளிலிருந்த தீத்தழும்புகளும், அவர் கொண்டுவந்து கொடுத்த கைக்கடிகாரமும்கூட ஆராய்ச்சிக்கும் ஏளனத்திற்கும் ஆளாயின. உண்மை சொன்னால் பொய்யர். மாற்றிச் சொன்னால் அப்போதும் பொய்யர். எந்நிலையிலும் அவருக்கு மீட்சியில்லை. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் ஒரு பொற்கொல்லனின் சொல்லைத் தீர விசாரியாமல் நம்பியதால் குற்றமற்றவன் உயிரிழந்தான். தீர விசாரித்த பின்னரும் ஒருவரின் சொல்லைக் காரணமின்றி ஒதுக்குவதும் அதற்கு நிகரான பிழையே அன்றோ?

மூன்று விசாரணைகள்

மக்களின் கோரிக்கை வலுக்கவே, 1956இல் இந்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. தலைவர், இந்திய தேசிய இராணுவத்தில் நேதாஜியின் கீழ்ப் பணியாற்றி, செங்கோட்டை வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்ற ஷா நவாஸ் கான். நேதாஜியின் தமையனார் சுரேஷ் சந்திர போஸும், எஸ்.என். மைத்ராவும் உறுப்பினர்கள். 67 சாட்சிகளை விசாரித்த அக்குழுவில், ஷா நவாஸ் கானும் மைத்ராவும் தைபே விபத்தில் நேதாஜி இறந்தார் என்று முடிவு செய்தனர். சுரேஷ் சந்திர போஸ் உடன்படாமல் தனி அறிக்கை அளித்தார். தமிழகத்தின் பசும்பொன் உ. முத்துராமலிங்கத் தேவர், நேதாஜி உயிருடன் இருக்கிறார் என்று உறுதியாகக் கூறிவந்தவர். அக்குழுவின்முன் தோன்றிய அவர், போர்க்குற்றவாளிப் பட்டியலில் நேதாஜியின் பெயர் உள்ளதா என்பதை அரசு தெளிவுபடுத்தாதவரை, தாம் அறிந்ததை வெளியிட இயலாது என்று கூறிவிட்டார். அக்குழுவினர் தைவானுக்குச் செல்லவில்லை என்னும் குறையும் எடுத்துக்காட்டப்பட்டது.

1970இல் நீதிபதி ஜி.டி. கோஸ்லா தலைமையில் ஓராள் ஆணையம் அமைக்கப்பட்டது. 224 சாட்சிகளை விசாரித்து, தைவானுக்கும் சென்று வந்து, 1974இல் அவர் அளித்த அறிக்கையும் விபத்து மரணத்தையே உறுதிசெய்தது. எனினும் 1978இல் பிரதமர் மொரார்ஜி தேசாய், முந்தைய முடிவுகளை ஐயத்திற்கு அப்பாற்பட்டவையாகக் கொள்ள இயலாதென நாடாளுமன்றத்தில் தெரிவித்தார்.

1999இல் நீதிபதி மனோஜ் குமார் முகர்ஜி ஆணையம் அமைந்தது. 2005இல் அது அளித்த அறிக்கை முன்னவற்றுக்கு நேர்மாறானது. நேதாஜி இப்போது உயிருடன் இல்லை. ஆனால் அவர் அவ்விபத்தில் இறக்கவில்லை. ரெங்கோஜி ஆலயத்து அஸ்தியும் அவருடையதன்று என்பன அதன் முடிவுகள். 2006இல் மைய அரசு இவ்வறிக்கையை ஏற்க மறுத்தது. மேற்கு வங்க அரசு 2015இல் 64 கோப்புகளையும், 2016 முதல் மைய அரசு பல கோப்புகளையும் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தன. பூட்டிய கோப்பினுள் பேருண்மை ஒளிந்திருக்கிறது என்று நம்பியோர் அவற்றில் எதிர்பார்த்ததைக் காணவில்லை. ஆனால் நேதாஜியின் குடும்பத்தார் விடுதலைக்குப் பின்னரும் பல ஆண்டுகள் உளவுத்துறையால் கண்காணிக்கப்பட்டனர் என்பது அக்கோப்புகளால் வெளிப்பட்டது. ஐயம் மக்களிடம் மட்டும் இருந்ததன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

துறவிகளும் தோற்றங்களும்

விசாரணைகள் ஒருபுறம் நடக்க, கதைகள் மறுபுறம் வளர்ந்தன. 1960களின் தொடக்கத்தில் வடவங்கத்து ஷௌல்மாரி ஆசிரமத்துத் துறவியே நேதாஜி என்று பேசப்பட்டது. அவர் அதனை மறுத்தும் பேச்சு ஓயவில்லை. 1964இல் பண்டித நேருவின் உடலருகே நின்ற பௌத்தத் துறவி ஒருவரின் படம், நேதாஜியின் படமாகக் காட்டப்பட்டது. பைசாபாத் நகரில் முகம் காட்டாமல் வாழ்ந்து 1985இல் மறைந்த கும்நாமி பாபாவே நேதாஜி என்று நம்பினோர் மிகப் பலர். அதனை ஆராய உத்தரப்பிரதேச அரசு அமைத்த நீதிபதி விஷ்ணு சகாய் ஆணையம், அவர் நேதாஜியைப் பின்பற்றியவரேயன்றி நேதாஜி அல்லர் என்று கண்டது.

இக்கதைகளைச் சொன்னோர் பலரும் நேதாஜியிடம் பேரன்பு கொண்டோரே. ஆயினும் இக்கதைகள் அவரை எவ்வாறு காட்டுகின்றன என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். காவலரண்களைக் கடந்து, மலை கடந்து, கடலடியில் மூன்று திங்கள் பயணம் செய்து நாட்டுக்காக உழைத்தவர், விடுதலை பெற்ற நாட்டில் நாற்பதாண்டுகள் திரைக்குப் பின்னே வாளாவிருந்தார் என்பது அவருக்குப் பெருமை தருவதா? அச்சமென்பதை அறியாதவரை அஞ்சி ஒளிந்தவராக்கும் அன்பு, எத்தகைய அன்பு?

1992இல் இந்திய அரசு நேதாஜிக்குப் பாரத ரத்னா விருதை அறிவித்தபோது, இறப்புக்குப் பின் வழங்கப்படுவது என்னும் பொருள்தரும் ஒரு சொல் அறிவிப்பில் இருந்தது. அச்சொல்லை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. 1997இல் உச்ச நீதிமன்றத்தின்முன் அவ்வறிவிப்பே செயலற்றுப் போயிற்று. நாட்டின் மிக உயர்ந்த விருது, ஒரு சொல்லின் பொருட்டுக் கைவிடப்பட்டது.

வியன்னாவில் ஓர் இல்லம்

ஐரோப்பாவில் வாழ்ந்த காலத்தில், 1934இல் வியன்னாவில் நேதாஜி எமிலி ஷெங்கல் என்னும் அம்மையாரைச் சந்தித்தார். பின்னர் அவரை வாழ்க்கைத் துணையாகக் கொண்டார். 1942 நவம்பரில் மகள் அனிதா பிறந்தார். குழந்தைக்கு மூன்று திங்களும் நிரம்பாத நிலையில்தான் நேதாஜி நீர்மூழ்கிக் கப்பலேறினார். 1945 ஆகஸ்டில் கணவரின் மரணச் செய்தியை எமிலி அம்மையார் வானொலி வழியாகவே கேட்டார். தொலைபேசி நிலையத்தில் பணிபுரிந்து, தம் மகளையும் முதிய தாயையும் காத்தார். 1948இல் சரத் சந்திர போஸ் குடும்பத்துடன் வியன்னா சென்று அவரைத் தம் குடும்பத்தவராக ஏற்றுக்கொண்டார். அம்மையார் புகழையோ பொருளையோ நாடாமல் வாழ்ந்து 1996இல் மறைந்தார்.

நாட்டில் ஒவ்வொரு முறை ஒரு துறவியின் பெயர் அடிபட்டபோதும், அக்கதை அவ்வில்லத்தையும் எட்டியது. உயிருடன் இருந்தும் மனைவியையும் மகளையும் காண வராதவர் என்பதே அக்கதையின் மறுபக்கம் என்பதைச் சொன்னோர் எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. பொருளியல் பேராசிரியரான அனிதா, தம் தந்தை தைபேயில் இறந்தார் என்பதை ஏற்றுக்கொண்டு, ரெங்கோஜி அஸ்தியை மரபணு ஆய்வுக்கு உட்படுத்தவும், தாய்நாட்டுக்குக் கொண்டுவரவும் பலமுறை வேண்டினார். தந்தையைத் தேடும் மக்கள் கூட்டத்தின் நடுவே, தந்தையை அடக்கம் செய்ய விரும்பும் மகளின் குரல் தாழ்ந்தே ஒலித்தது.

நிறைவாக

ஐயுறுதல் குற்றமன்று; கல்விக்கு அதுவே வாயில். தைபே நிகழ்ச்சியில் விடைகாணாத வினாக்கள் உள்ளன என்பதையும், ஓர் ஆணையம் வேறு முடிவுக்கு வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எனினும் மருத்துவர், உயிர்பிழைத்த ஜப்பானிய அதிகாரிகள், உடனிருந்த தோழர் ஆகிய பலரின் வாய்மொழிகளும் பெரும்பாலும் ஒரு திசையையே காட்டுகின்றன. அவற்றை மறுப்போர் அவற்றினும் வலிய சான்றைக் காட்டுதல் கடன். காவியுடையும் கண்ணாடியும் ஒத்திருப்பது சான்றாகாது. நம் விருப்பமும் சான்றாகாது. கண்டதும் கேட்டதும் போதா, தீர விசாரித்ததே மெய் என்பது நம் முன்னோர் காட்டிய நெறி.

கல்லூரி மாணவர்கள் நேதாஜியைப் பற்றி எதை அறிந்திருக்கிறார்கள் என்று வினவினால், அவர் எப்படி மறைந்தார் என்னும் ஐயமே பெரும்பாலும் முதலில் வரும். அவர் எப்படி வாழ்ந்தார் என்பது பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டது. இரப்பர்த் தோட்டத்துத் தமிழரையும், பஞ்சாபு வீரரையும், ஐதராபாத் இளைஞரையும் ஒரே பந்தியில் அமர்த்திய செயல், ஒரு விபத்தின் மர்மத்தைவிட மிகப் பெரிது. ஜனவரி 23ஆம் நாளைக் கொண்டாடும் நாடு, ஆகஸ்டு 18ஆம் நாளை நினைவுகூரத் தயங்கியே வந்துள்ளது. அத்தயக்கத்தின் விலையைக் கொடுத்தவர்கள், தழும்பேறிய கைகளுடன் உண்மை சொல்ல எல்லை கடந்து வந்த ஒரு வீரரும், வியன்னாவில் மகளை வளர்த்த ஒரு தாயும், அஸ்தியைக் கேட்டுக் கேட்டு முதுமை எய்திய அம்மகளுமே ஆவர். நேதாஜியை நினைக்கும்போது அவர்களையும் நினைப்பது நம் கடமையாகும்.